பெண்கள் பக்கம் உட்காரலாமா?

வாசகர் கேள்வி - பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைத் தொட்டிருந்தன. திருநங்கைகளும் திருநம்பிகளும் கோயிலில், வழிபாட்டுக் குழுவில், குலதெய்வத்தின் முன்னால் எங்கே நிற்பது? அதனால் வேறு கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். ஆள் அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கிவிட்டேன்.

கேள்வி: நான் ஒரு திருநங்கை. சின்ன வயதிலிருந்தே எங்கள் ஊர் திருவாசக முற்றோதல் குழுவில் (திருவாசகம் முழுவதையும் ஒரே அமர்வில் பாடும் குழு) பாடிக்கொண்டிருந்தேன். இடையில் சென்னைக்குப் போய், அறுவை சிகிச்சை முடித்து, பேரை மாற்றி, இப்போது ஊர் திரும்பி வேலை பார்க்கிறேன். குழுவுக்கு மறுபடி போனேன். யாரும் விரட்டவில்லை. ஆண்கள் பக்கம் உட்காரச் சொன்னார்கள். மாட்டேன் என்றதும் பின்னால் தூண் ஓரமாகத் தனி நாற்காலி போட்டார்கள். பதிகம் பிரித்துக் கொடுக்கும்போது என் பேர் வருவதே இல்லை. ஒரு அக்கா பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "குரல் மட்டும் மாறவே இல்லையே" என்கிறார். போவதை நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் சிவனை விட்டு விலகிய மாதிரி ஆகிவிடுமா? - ஈரோடு மாவட்ட வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆகாது. ஒரு குழுவை விட்டு வருவது வேறு, சிவனை விட்டு வருவது வேறு. சின்ன வயதில் அந்தப் பாட்டு உங்களைப் பிடித்துக்கொண்டபோது குழுவில் யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு பிடிக்கவில்லை.

ஆனால் உடனே நிறுத்திவிடுங்கள் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அது உங்கள் இடம். "யாரும் விரட்டவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்தபோதுதான் எனக்கு அதிகம் வலித்தது. விரட்டாததையே ஒரு நன்மையாகக் கணக்கில் வைக்கும் அளவுக்கு உங்களை வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் இது பழகிப்போன வழக்கம். கடை திறந்தால் திருநங்கையைக் கூப்பிட்டுத் திருஷ்டி கழிப்பார்கள், அவர் ஆசீர்வதித்துத் திருப்பிக் கொடுக்கும் ஒரு ரூபாய் நாணயத்தைக் கல்லாப்பெட்டியில் பத்திரமாகப் போட்டு வைப்பார்கள், குழந்தையின் தலையில் கை வைக்கச் சொல்வார்கள். அதே ஆள் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார வந்தால் எழுந்து போய்விடுவார்கள். தெய்வ அம்சம் என்று சொல்லித் தள்ளி உட்கார வைப்பதும் தள்ளி உட்கார வைப்பதுதான். ஒரு குழுவில் நமக்கு இடம் இருக்கிறதா என்பதை அவர்கள் எவ்வளவு அன்பாகச் சிரிக்கிறார்கள் என்பதை வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது. பதிகம் பிரிக்கும் தாளில் பேர் இருக்கிறதா, பந்தியில் பரிமாற நம் கையில் சாம்பார் வாளியைக் கொடுக்கிறார்களா, மறுநாள் கூடத்தைத் திறக்க நம்மிடம் சாவியைத் தந்து அனுப்புகிறார்களா என்பதில்தான் அது தெரியும்.

நீங்கள் பாடுவது திருவாசகம் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாண்டியனின் அமைச்சராக இருந்த ஒரு ஆண், மாணிக்கவாசகர், மார்கழிக் காலையில் தோழிகளை எழுப்பும் பெண்களின் குரலில் திருவெம்பாவை பாடினார். அதோடு விட்டாரா? திருவம்மானை, திருப்பொற்சுண்ணம், திருப்பூவல்லி, திருப்பொன்னூசல் என்று பெண்கள் கூடி ஆடும் ஆட்டம், இடிக்கும் பொடி, பறிக்கும் பூ, ஆடும் ஊஞ்சல் எல்லாவற்றையும் பாட்டாக்கினார். உங்கள் குழுவில் இருக்கும் மீசை வைத்த பெரியவர்கள் அத்தனை பேரும் முற்றோதல் நாளில் காலையிலிருந்து "அன்னே", "தோழீ", "எம்பாவாய்" என்று பெண்ணாக நின்றுதான் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அதே திருவெம்பாவையின் பதினெட்டாம் பாட்டில், அண்ணாமலையானைப் பற்றி, "பெண்ணாகி ஆணாய் அலியாய்ப் பிறங்கொளிசேர் விண்ணாகி மண்ணாகி" என்று வருகிறது. மாணிக்கவாசகர் இன்றைய திருநங்கைகளைப் பற்றிப் பேசினார் என்று நான் நீட்டி முழக்கப் போவதில்லை. அவர் பேசியது இறைவனைப் பற்றி. ஆனால் இறைவனிடம் மூன்றையும் பார்த்துக் கைகூப்பிவிட்டு, அந்த மூன்றில் ஒன்றைத் தூண் ஓரம் உட்கார வைக்க அந்தப் பாட்டில் எந்த ஆதாரமும் கிடையாது. இதை உங்கள் குழுத் தலைவரிடம் தைரியமாகவே சொல்லலாம். பாட்டு அவருக்கும் மனப்பாடம்தானே.

மதுரையில் பிறந்து, சின்ன வயதிலேயே வீட்டை விட்டு வெளியேற வேண்டி வந்து, தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்றவர் நர்த்தகி நடராஜ். இறைவனைத் தலைவனாகவும் தன்னைத் தலைவியாகவும் வைத்து ஆடும் நாயகி பாவத்துக்கே பேர் பெற்றவர். 2019-இல் பத்மஸ்ரீ கிடைத்தது, அந்த விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவர். பக்திப் பாடல்களுக்கு அவர் ஆடுவதைச் சபை உட்கார்ந்து பார்க்கிறது. நான் சொல்ல வருவது, நீங்கள் புதிதாக எங்கிருந்தோ வந்து கதவைத் தட்டவில்லை என்பதுதான்.

சரி, என்ன செய்வது? "என்னை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் "ஏற்றுக்கொண்டுதானே இருக்கிறோம்" என்பார்கள், பேச்சு முடிந்துவிடும். பதிகம் பிரித்துக் கொடுப்பவர் யாரோ அவரைத் தனியாகப் பார்த்து, அடுத்த முற்றோதலில் அன்னைப்பத்தை நான் பாடுகிறேன் என்று குறிப்பாகக் கேளுங்கள். பத்தே பாட்டு, மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும். பெண்கள் பக்கம் உட்காரும் பெண்களில் ஒருவராவது உங்களோடு பேசுபவராக இருப்பார், முதல் நாள் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். நாற்காலி வேண்டாம், எல்லோரையும் போல் ஜமக்காளம் போதும் என்று சொல்லிவிடுங்கள். அந்த அக்காவிடம் புதுப் பேரை ஒரு தடவை மெதுவாகச் சொல்லுங்கள், அப்புறமும் பழைய பேரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள். குரலைப் பற்றி வருத்தமே வேண்டாம். திருவாசகத்துக்குச் சுருதி சேர்ந்தால் போதும், உங்கள் குரல் பன்னிரண்டு சுரத்தில் எங்கே நிற்கிறதோ அங்கேயிருந்து பாடுங்கள்.

இதற்கு ஒரு காலக்கெடுவும் வைத்துக்கொள்ளுங்கள். வரும் மார்கழி முடியும்வரை பாருங்கள். அதற்குள் தாளில் உங்கள் பேர் வரவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம். முற்றோதலுக்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை. நாலு பேர், ஒரு விளக்கு, ஆளுக்கொரு புத்தகம் இருந்தால் வீட்டிலேயே காலையில் ஆரம்பித்துச் சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம். அப்படி நடத்தினால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: அவர்களுக்கென்று கூவாகத்தில் தனிக் கோயிலும் திருவிழாவும் இருக்கின்றன. அப்படியிருக்க எல்லாக் கோயிலிலும், எல்லாக் குழுவிலும் இடம் கேட்பது ஏன்? தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறேன். - சேலம் வாசகர்

பதில்: தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. நிறைய பேர் மனதில் இருக்கும் கேள்விதான்.

முதலில், கூவாகம் திருநங்கைகளுக்கு மட்டுமான கோயில் இல்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உளுந்தூர்பேட்டை பக்கம் இருக்கும் அந்தக் கூத்தாண்டவர் (அரவான்) கோயில் சுற்றுவட்டார கிராம மக்களின் கோயில். சித்திரையில் பதினெட்டு நாள் திருவிழா. வேண்டுதல் வைத்த கிராமத்து ஆண்களும் பூசாரி கையால் அங்கே தாலி கட்டிக்கொள்வார்கள், சின்னப் பையன்களுக்குக்கூடக் கட்டுவார்கள். பாரதப் போரின் களப்பலிக்கு முன் ஒரு நாளாவது மணவாழ்க்கை வேண்டும் என்று கேட்ட அரவானை, கண்ணன் மோகினியாக வந்து மணந்த கதையைத் தங்கள் கதையாக எடுத்துக்கொண்டு திருநங்கைகள் நாடு முழுவதிலுமிருந்து வருகிறார்கள். பௌர்ணமி ராத்திரி தாலி, மறுநாள் தேர் அழுகளத்துக்குப் போனதும் தாலி அறுப்பு, வளையல் உடைப்பு, வெள்ளைச் சேலை. அந்த அழுகைச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் பாதி அரவானுக்கு, மீதி அவரவர் வாழ்க்கைக்கு. அரவானுக்குக் கோயில்கள் வேறு ஊர்களிலும் உண்டு. கோவை சிங்காநல்லூரில் இருக்கிறது, சிதம்பரம் பக்கம் கொத்தட்டையில் இருக்கிறது. எல்லாமே ஊர்க் கோயில்கள், ஊர்க்காரர்கள்தான் நடத்துகிறார்கள்.

இரண்டாவது, கூவாகம் வருஷத்துக்கு ஒரு முறை. உங்கள் ஊர் சேலத்தில் வேலை பார்க்கும் ஒரு திருநங்கைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோட்டை மாரியம்மனைப் பார்க்கத் தோன்றினால் அதற்கு உளுந்தூர்பேட்டை போய்விட்டு வா என்று சொல்ல முடியுமா? தமிழ்நாட்டில் 1947 ஆலயப் பிரவேசச் சட்டம், இந்துக்களில் எந்தப் பிரிவினரையும் கோயிலுக்குள் தடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துத் தீர்ப்புக் கொடுத்தபோது, இவர்களும் மற்றவர்களுக்குள்ள எல்லா அடிப்படை உரிமையும் உள்ள குடிமக்கள் என்பதைத் தெளிவாக்கியது. 2018 டிசம்பரில் கேரளத்துத் திருநங்கைகள் நாலு பேர் சபரிமலைக்குப் போனபோது எருமேலியில் போலீஸ் நிறுத்தி, ஆண் உடையில் வந்தால் விடுகிறோம் என்றது. அவர்கள் அதற்கு ஒப்புக்கொள்ளாமல் திரும்பினார்கள். அப்புறம் தந்திரியும் பந்தளம் அரண்மனையும் ஆட்சேபணை இல்லை என்று சொல்ல, சில நாளிலேயே கறுப்புச் சேலை உடுத்தி, இருமுடி தாங்கி மலையேறி ஐயப்பனைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். சபரிமலையில் பெண்கள் நுழைவதைப் பற்றி இத்தனை சர்ச்சை நடந்த வருஷத்தில், அந்தத் தரிசனம் அமைதியாக நடந்தது.

தனி இடமும் வேண்டும், பொது இடமும் வேண்டும். வடக்கே 2015-இல் கின்னர் அகாடா என்று தங்களுக்கென ஒரு துறவியர் அமைப்பையே ஆரம்பித்தார்கள், ஏனென்றால் இருந்த அகாடாக்களில் அவர்களுக்கு இடமில்லை. 2019 பிரயாக்ராஜ் கும்பமேளாவில் ஜூனா அகாடாவோடு சேர்ந்து ஊர்வலமாகப் போய் நீராடினார்கள். அவர்களிடம் ஆசி வாங்க நீண்ட வரிசை நின்றது. நம் பக்கத்திலும் வீட்டை விட்டு வந்தவர்களுக்கு ஜமாத் என்ற திருநங்கைகளின் குடும்ப அமைப்பு இருக்கிறது, நானி (பாட்டி), குரு, சேலா (சீடர்) என்று உறவு முறையோடு. அறுவை சிகிச்சை முடிந்து நாற்பதாம் நாள் பால் ஊற்றும் சடங்கை அவர்களே நடத்திக்கொள்கிறார்கள். பெற்ற தாய் செய்ய வேண்டிய பணிவிடையை, மஞ்சள் அரைத்துப் பூசுவது முதல் பத்தியச் சாப்பாடு வரை, ஒரு குரு செய்கிறார். அது அழகான விஷயம். ஆனால் அது இருக்கிறதே என்பதைக் காரணம் காட்டி நாம் நம் கதவைச் சாத்திக்கொள்ளக் கூடாது.

ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள் நம்பெருமாள் மோகினி அலங்காரத்தில் வருவார். கூவாகத்துக் கதை வேறு, அந்தக் கதை வேறு, வடிவம் ஒன்றுதான். அந்தச் சேவைக்கு முண்டியடிக்கும் நம் ஜனங்களுக்கு, வரிசையில் பக்கத்தில் ஒரு திருநங்கை நிற்பது இடைஞ்சலாக இருக்க வேண்டியதே இல்லை.

கேள்வி: என் பிள்ளைக்குப் பதினேழு வயது. பிறந்தது பையனாக. நாலைந்து வருஷமாக "நான் பெண்" என்கிறான். ஜாதகம் பார்த்தோம், ராகு கேது தோஷம் என்றார்கள், திருநாகேஸ்வரம் காளஹஸ்தி எல்லாம் போய்வந்தோம். இப்போது ஒரு சாமியார், இருபத்தொரு நாள் தன் ஆசிரமத்தில் விட்டால் மாற்றித் தருவதாகவும் ஐம்பதாயிரம் ஆகும் என்றும் சொல்கிறார். என் கணவர் சம்மதித்துவிட்டார். பிள்ளை சாப்பிடுவதே இல்லை. நான் என்ன பாவம் செய்தேன்? - பெயர் வேண்டாம், ஒரு தாய்

பதில்: அம்மா, தயவுசெய்து பிள்ளையை அங்கே விடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம், இது முதலில். கணவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

மாற்றித் தருகிறேன் என்று யார் சொன்னாலும், காவி கட்டியவரோ வெள்ளைக் கோட்டு போட்டவரோ, நம்பாதீர்கள். இது நோயும் இல்லை, தோஷமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பில் இதை மனநோய்கள் பகுதியிலிருந்து எடுத்துவிட்டது, 2022-லிருந்து அந்தப் பதிப்புதான் நடைமுறையில் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல், இப்படி "மாற்றும்" சிகிச்சைகளை அனுமதிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. அதைத் தொடர்ந்து தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்றே அறிவித்தது. படித்த டாக்டரே செய்யக் கூடாது என்று சொன்ன ஒன்றை, பூட்டிய அறையில் வேப்பிலையும் பிரம்பும் வைத்துக்கொண்டு ஒருவர் செய்வதற்கு உங்கள் பிள்ளையைக் கொடுக்கப் போகிறீர்களா? இருபத்தொரு நாள் கழித்து அந்தப் பிள்ளை "மாறிவிட்டேன்" என்று சொல்லும். அடிக்குப் பயந்து சொல்லும். அதற்கப்புறம் உங்களிடம் எதையுமே சொல்லாது.

பாவம் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் ஒரு பாவமும் செய்யவில்லை. பிள்ளை தன் மனதில் இருப்பதை வேறு யாரிடமும் போகாமல் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறது, நாலைந்து வருஷமாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எத்தனையோ பிள்ளைகள் சொல்லாமலேயே ஒரு ராத்திரி பஸ் ஏறிவிடுகிறார்கள். நீங்கள் நல்ல தாயாக இருக்கப் போய்த்தான் அது இன்னும் வீட்டில் இருக்கிறது.

சாப்பிடாமல் இருப்பதுதான் எனக்குக் கவலை. இன்றைக்கே பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உன்னை எங்கேயும் அனுப்ப மாட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள், வேறு எதுவும் விளக்க வேண்டாம். தற்கொலைப் பேச்சு ஏதாவது வந்தால், அல்லது வராவிட்டாலும் உங்களுக்குப் பயமாக இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் போன் போடுங்கள். அரசின் இலவச சேவை, தமிழில் பேசுவார்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் திருநர்களுக்கென்றே வழிகாட்டும் கிளினிக் நடக்கிறது. போனால் உடனே ஊசி, ஆபரேஷன் என்று பயப்படாதீர்கள். முதலில் உட்கார வைத்துப் பேசுவார்கள், பதினேழு வயதில் அறுவை சிகிச்சைக்கு யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். இப்போதைக்குப் பிளஸ் டூவை முடிக்கட்டும். முடியை வளர்க்கட்டும். வீட்டுக்குள் என்ன பேரில் கூப்பிட வேண்டும் என்று கேட்டு அந்தப் பேரில் கூப்பிடுங்கள், முதலில் வாய் குழறும், பரவாயில்லை.

கோயிலுக்குப் போவதை நிறுத்த வேண்டாம். இத்தனை நாள் பிள்ளையை மாற்று என்று வேண்டிக்கொண்டு கூட்டிப் போனீர்கள், அதுவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. இனிமேல் பிள்ளை நல்லா இருக்கட்டும் என்று சத்தமாக வேண்டிக்கொள்ளுங்கள், அதுவும் காதில் விழட்டும். அர்ச்சனைச் சீட்டில் அது விரும்பும் பேரை எழுதிக் கொடுங்கள். நட்சத்திரம் மாறப் போவதில்லையே.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் குழந்தைக்கு என் சிநேகிதியான ஒரு திருநங்கையை ஞானத்தாயாக வைக்க ஆசை. பங்கில் ஒத்துக்கொள்வார்களா? - தூத்துக்குடி வாசகி

பதில்: கேட்டுப் பாருங்கள், கேட்பதற்கு ஆதாரம் இருக்கிறது. வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை 2023 நவம்பரில் வெளியிட்ட விளக்கத்தில், திருநர்கள் மற்றவர்களைப் போலவே திருமுழுக்குப் பெறலாம், திருமணத்துக்குச் சாட்சியாக நிற்கலாம், சில நிபந்தனைகளோடு ஞானப்பெற்றோராகவும் இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. ஆனால் ஞானப்பெற்றோர் விஷயத்தில் முடிவு பங்குத்தந்தையின் விவேகத்துக்கு விடப்பட்டிருக்கிறது, விசுவாசிகள் நடுவே இடறல் வரக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. மறைக்காமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்த வருஷம் 2024 ஏப்ரலில் அதே துறை வெளியிட்ட ஆவணம் பாலின மாற்றத்தை ஏற்கவில்லை. அதனால் பங்குத்தந்தை தயங்கினால் அவர் மேல் கோபப்பட்டு எழுந்து வராதீர்கள், 2023 விளக்கத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து பேசுங்கள். திருப்பலிக்குத் தவறாமல் வருபவர் என்று அவரை ஏற்கெனவே பங்கில் நாலு பேருக்குத் தெரிந்திருந்தால் வேலை சுலபம்.

கேள்வி: தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகும் குழுவை நடத்துகிறேன். இந்த முறை ஒரு திருநங்கை மாலை போட்டுக்கொண்டு எங்களோடு வரக் கேட்கிறார். எனக்கு ஆட்சேபணை இல்லை. இரவு தங்கல், குளியல், கழிவறை இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பது? பெண்கள் சிலர் தயங்குகிறார்கள். ஒரு பெரியவர் விரதம் கெட்டுவிடும் என்கிறார். - சிவகங்கை மாவட்ட வாசகர்

பதில்: ஐயா, விரதம் கெடாது. முருகனுக்கு மாலை போட்டவருக்கு நியமம் சாப்பாட்டிலும் நடத்தையிலும் இருக்கிறது, பக்கத்தில் நடப்பவர் யார் என்பதில் இல்லை. அந்தப் பெரியவரிடம் நீங்களே பேசுங்கள், அந்தத் திருநங்கையைப் பேச விடாதீர்கள்.

மற்றதைச் சமாளிப்பது நீங்கள் நினைப்பதைவிட சுலபம். அவரிடமே முதலில் கேளுங்கள், எங்கே படுக்க வசதி, எதில் பயம் என்று. பெரும்பாலும் பெண்களோடு என்றுதான் சொல்வார். மண்டபத்தில் பெண்கள் படுக்கும் பக்கம், இரண்டு மூத்த அம்மாக்களுக்கு நடுவில் அவருக்கு இடம் போடுங்கள். அந்த இரண்டு அம்மாக்களிடமும் கிளம்புவதற்கு முன்பே பேசி வைத்துவிடுங்கள், தயக்கத்தில் பாதி அங்கேயே போய்விடும். பம்ப் செட்டில் குளிக்கும்போது பெண்கள் முறையில் அவரும் சேலையைச் சுற்றிக்கொண்டு குளிக்கட்டும். கதவு உள்ள கழிவறைக்கு ஆண், பெண் பிரச்னையே இல்லை, பெண்கள் பக்கம் போகட்டும். இதையெல்லாம் கூட்டம் போட்டு ஓட்டுக்கு விடாதீர்கள், அது அவரைச் சந்தையில் நிறுத்துவது போல. "இன்னார் வருகிறார், இன்ன இடத்தில் தங்குவார்" என்று தகவலாகச் சொல்லி முடியுங்கள்.

உண்மையான ஆபத்து உங்கள் குழுவுக்குள் இருந்து வராது, ரோட்டில் வரும். ராத்திரி நடையில் வண்டியில் வருகிறவன் நிறுத்திக் கேலி பேசுவான், கையைப் பிடிப்பான். அவரை வரிசையின் கடைசியில் தனியாக விடாதீர்கள், ஒளிரும் பட்டை ஒட்டிய கம்போடு நடுவில் நடக்கட்டும். யாராவது வாயைத் திறந்தால் முதலில் பதில் சொல்பவர் நீங்களாக இருக்க வேண்டும். அப்புறம், சும்மா நடக்க மட்டும் விடாமல் ஒரு வேலையும் கொடுங்கள். சுக்குக் காபி போடும் வேன் இருக்குமே, அந்தப் பொறுப்பில் ஒரு வேளை. கொப்புளத்துக்கு ஊசி நூல் கோத்து, மஞ்சள் தடவி விடுகிற கை யாருடையது என்று மூன்றாம் நாள் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: நான் திருநம்பி. வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பா போன வருஷம் இறந்துவிட்டார். குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று பங்காளிகள் கொடுக்கும் பங்கு) கொடுக்கப் போனேன். "பொம்பளப் புள்ளைகிட்ட வரி வாங்குற வழக்கம் இல்ல, வேணும்னா நன்கொடையா எழுதிக்கிறோம்" என்றார்கள். அம்மா அன்றிலிருந்து அழுதுகொண்டே இருக்கிறார். - மதுரை மாவட்ட வாசகர்

பதில்: தம்பி, அம்மாவின் அழுகை பணத்துக்காக இல்லை, உங்கள் அப்பாவின் தலைக்கட்டே நோட்டிலிருந்து போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது, அதனால் இதை விட்டுவிடாதீர்கள்.

வழக்கம் என்று அவர்கள் சொல்வதிலேயே வழி இருக்கிறது. கணவனை இழந்த பெண்ணின் வீட்டை அரை வரிக்காவது சேர்த்துக்கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. உங்கள் ஊரில் எப்படி என்று வயதானவர்களிடம் கேளுங்கள். இருந்தால் உங்கள் வீட்டுத் தலைக்கட்டு இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறது, அதில் நீங்கள் ஒரு ஆள். அடுத்தது, உங்களை மகன் என்று ஒப்புக்கொண்டாலும் சரி, மகள் என்றே பிடிவாதம் பிடித்தாலும் சரி, நீங்கள் அப்பாவின் வாரிசு. தமிழ்நாட்டில் 1989-லேயே குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது, 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. நிலத்துக்கு வாரிசாக இருப்பவர் சாமிக்கு மட்டும் எப்படி இல்லாமல் போவார்? கோயில் வரியைச் சட்டம் நேரடியாகக் கட்டுப்படுத்தாது, ஆனால் பங்காளிகளோடு பேசும்போது இந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது. பெண்ணாகப் பிறந்து, கல்யாணம் ஆனால் புருஷன் வீட்டுக் குலதெய்வத்துக்குப் போய்விடுவாள் என்ற கணக்கில்தான் பெண் பிள்ளையிடம் வரி வாங்காமல் விட்டார்கள். நீங்கள் எங்கேயும் போகப் போவதில்லை, இதே சாமிதான் உங்களுக்குக் கடைசிவரை.

நன்கொடைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள், எவ்வளவு சமாதானமாகச் சொன்னாலும். நன்கொடையை வெளியூர்க்காரரும் தரலாம், கல்வெட்டில் பேரும் போடுவார்கள். உங்களுக்கு வேண்டியது வரி நோட்டில் ஒரு வரி.

ஊர்க் கூட்டத்தில் எழுந்து கேட்காதீர்கள், அங்கே யாரும் இறங்கி வர மாட்டார்கள். பெரியப்பா, சித்தப்பா முறையில் உங்களிடம் பாசமாக இருப்பவர் ஒருவரைப் பிடித்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு, நோட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் வீட்டுக்கே ஒரு காலை நேரத்தில் போங்கள். பணத்தை முழுசாகக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் வருஷம் அம்மா பேரில் எழுதிக்கொள்கிறோம், அடுத்த முறை பார்ப்போம் என்றால் ஒப்புக்கொள்ளலாம், ஆனால் அம்மா பேருக்குப் பக்கத்தில் உங்கள் பேரையும் எழுதச் சொல்லுங்கள், இப்போதைய பேரை. ரசீது வாங்காமல் வராதீர்கள்.